வாங்கில் இருந்து உதைப்பவர்

அந்தக் கைகளைப் பாருங்கள். வலது முட்டி முன்னே பாய்கிறது, இடது கை வயிற்றைக் காக்கிறது, அடுத்த கணம் இரண்டும் இடம் மாறுகின்றன. நடுவில் ஒரு குத்து பக்கத்திலிருப்பவரின் தேநீரையும் கவிழ்க்கிறது. கைகளுக்குரியவர் விளையாட்டு மண்டபத்தின் நடுவில் நிற்கிறாரா? இல்லை. ஓரத்து வாங்கில், பெற்றோருக்கான நீள இருக்கையில், சப்பாத்தைக் கழற்றாமல் இருக்கிறார். இவர்தான் வாங்கு மாஸ்டர். பிள்ளையை டேக்வாண்டோ வகுப்புக்கு ஏற்றி இறக்கும் பெற்றோரிடையே காணப்படும் இனம்.

ஜேர்மனியின் எசன் நகரத்து ஜேசுரட்ணத்தை எடுத்துக்கொள்வோம். மகள் கிறிஸ்ரினா இந்தக் கொரியக் கலையை ஐந்து வருடமாகப் பழகுகிறாள். அதன் நன்மைகளை ஐந்து வருடமாக அவர் விளக்குகிறார். பூசை முடிந்து காரைத் தேடுபவர், செத்தவீட்டில் மாலையோடு நிற்பவர், பல்வைத்தியரிடம் வாயைத் திறக்கப் போகிறவர் என்று யாரையும் அவர் விட்டதில்லை.

"சீனி வருத்தம் குறையும், இடுப்பு நாரிநோ போகும், பிள்ளையளுக்குக் கணக்கு வரும். பயம் எண்ட சாமானே இருக்காது. மூச்சை வயித்துக்குள்ள இழுத்து மெல்லமா விடோணும். மனம் கல்லு மாதிரி நிக்கும்."

"அப்ப நீங்களும் பழகலாமே, அண்ணை?" என்று கோயிலில் பழக்கமான பேனாட் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"எனக்கு முழங்கால் ஏலாது."

முழங்காலுக்கும் அது நல்லது என்று போன கிழமைதான் சொல்லியிருந்தார்.

இடுப்பில் கட்டும் நீலப் பட்டிக்கான சோதனை வந்தது. கடைசிக் கட்டம் பலகை உடைப்பது. மூன்று தடவை உதைக்கலாம். உடையாவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பலகையை வீட்டார் ஒருவர் பிடிப்பது அந்த மண்டபத்து வழக்கம். ஜேசுரட்ணம் முதல்முறையாக வாங்கை விட்டு எழுந்தார்.

கிறிஸ்ரினா ஓடிவந்தாள். குதிக்கால் பலகையைத் தொடுவதற்குள் அப்பாவின் முழங்கைகள் மடங்கின. முகம் சுவரைப் பார்த்தது. 'தொப்'. பலகை முழுதாக இருந்தது.

"பலகை இன்னும் காயாத பச்சை போல," என்றார்.

இரண்டாம் தடவை பலகையோடு அவரும் பின்னால் போனார்.

பயிற்சியாளர் பிளோறன்ஸ், அவரைவிட இருபது வயது இளையவள், வந்து முழங்கைகளை நேராக்கிவிட்டாள். "அங்கிள், நீங்கள் பின்னுக்கு இழுத்தா அவள் என்ன செய்தாலும் உடையாது. வேற ஆளை விடட்டே?"

மண்டபம் முழுவதும் பார்த்தது. ஜேசுரட்ணம் பலகையின் மறுபக்கத்தைத் தடவினார். பதில் சொன்னது மகள்.

"வேண்டாம், அப்பாவே பிடிக்கட்டும்." கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஊரெல்லாம் சொல்லுறியளே, மூச்சை வயித்துக்குள்ள இழுத்து விடுங்கோ எண்டு. ஒருக்கா நீங்கள் விடுங்கோ பாப்பம்."

"உன்ர கால் நோகுமெண்டுதான் பிள்ளை..."

"கால் என்ர கால். நீங்கள் விடுங்கோ."

விட்டார். வயிறு புடைத்து மெல்ல உள்ளே போனது. முழங்கை மடங்கவில்லை. 'சடார்!' இரண்டு துண்டுகள், கைக்கு ஒன்று. ஐந்து வருடத்தில் அவர் செய்த முழுப் பயிற்சியும் அந்த ஒரு மூச்சுதான். பிளோறன்ஸ் நீலப் பட்டியை நீட்டியபோது கிறிஸ்ரினா சிரித்தாள். அவர் கைக்குட்டையில் மூக்கைச் சீறிக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், "உதைக்கிறது ஆரும் செய்வினம், பேனாட். பிடிக்கிறதிலதான் விஷயமே இருக்கு" என்று முழங்கைகளை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

இவ்வளவு தூரம் வாசித்த உங்களுக்கும் தெரிந்த ஒருவரின் முகம் மனதில் வந்திருக்கும். நல்லது. வாசித்து முடித்ததும் இந்தத் தாளை அவரிடமே கொடுங்கள். அவரும் விழுந்து விழுந்து சிரிப்பார். யாரை நினைத்து என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.