சொந்த மூளையில் நாலு வரி

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் மட்டும் இருப்பதால் நலம் என்று சொல்வதற்கில்லை. அங்கே உங்கள் தங்கை இருப்பதால் எல்லோரும் நலமாகவும் கொஞ்சம் பயமாகவும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். அவள் ஆசையாக வாங்கி மாட்டிய ஜன்னல் திரையை, விருந்தாளிகள் முன்னால், பஸ் சீட் உறை மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால் எனக்கு வாய் வரவில்லை. கைப்பேசியில் இருக்கிற செயற்கை நுண்ணறிவிடம் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. 'தங்கள் மனம் புண்பட்டிருப்பதை முழுமையாக உணர்கிறேன்' என்று ஆரம்பம். சரியாகப் படிக்காமல் அவள் போனுக்கு அனுப்பிவிட்டேன். சமையலறையிலிருந்து வந்து, "முப்பத்தோரு வருஷமா 'இந்தா'ன்னு கூப்பிட்ட மனுஷன் இப்ப 'தங்கள்'ங்கறீங்க. என்னை மூணாம் மனுஷி ஆக்கிட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டுப் பெட்டியை எடுத்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்; அழுதாள்.

நீங்களோ போனில், "மாப்பிள்ளை, சொந்த மூளையில நாலு வரி எழுதி அனுப்புங்க, நானே கொண்டுவந்து விடறேன்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் வரி நன்றாகத்தான் வந்தது: 'நேர்ந்த அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.' படித்துப் பார்த்தால், பம்புக் கம்பெனியில் புகார்க் கடிதங்களுக்கு இருபத்தாறு வருஷம் நான் போட்ட பதில். அதிலும் பன்மை வேறு. இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்தன்தானே வருந்துகிறேன்? அதை அடித்துவிட்டு, 'நீ இல்லாத வீடு வீடா' என்று எழுதினேன். எங்கேயோ கேட்ட சினிமா வசனம். மூன்றாவது வரி, என் அப்பா என் அம்மாவிடம் கெஞ்சும்போது சொன்னது. அது அப்போதே பலிக்கவில்லை. அந்த மெஷின் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக் கலந்து கொடுக்கிறது என்கிறார்கள். நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன் மச்சான், என்ன, கொஞ்சம் மெதுவாக. எனக்கென்று ஒரு வரிகூடக் கிடையாதா என்று நினைத்தால் பகீரென்கிறது. அவள் இல்லாமல் என்னால் முடியவில்லை. இதை யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, ஆனால் உண்மை.

பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
மூளையைத் தேடிக்கொண்டிருக்கும்
மாப்பிள்ளை

பி.கு.: இதை உறையில் போடப்போகும்போது உங்கள் தங்கை போன் செய்தாள். "சாப்பிட்டீங்களா?" என்றாள். "ம்" என்றேன். "பொய். இப்படி இழுத்து ஒரு 'ம்' சொல்ல உலகத்துல வேற யாருக்கும் வராது. சாயந்திரம் வந்துடறேன்" என்று வைத்துவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நீங்கள் படிக்க வேண்டாம். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன் என்பதற்காக அனுப்புகிறேன்.