ரம்பத்துக்கு நல்லெண்ணெய்

தப்பு செய்தவர்கள் தலையில் குட்டிக்கொண்டு எழுதும் கட்டுரை இது என்று நினைத்திருந்தால், இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். நான் தப்பு செய்யவில்லை. மரம் அறுக்கும் செயின் ரம்பத்துக்கு நல்லெண்ணெய் ஊற்றினேன், அது உண்மை. பார்த்தவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள், அதுவும் உண்மை. அடுத்தவர் சிரித்துவிட்டால் செய்தது பிழையாகிவிடும் என்று எந்த இலக்கணத்திலும் இல்லை. (நான் தமிழாசிரியை. சங்கரன்கோவிலில் எனக்குச் சோறு போடுவதே இலக்கணம்தான்.)

அப்பா இறந்த பிறகு, மேலநீலிதநல்லூர் பக்கமிருந்த மானாவாரி நிலத்தை அண்ணன் சாமுவேலும் நானும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அவன் பாதியில் உளுந்து விளைந்தது. என் பாதியில் சீமைக் கருவேலம் விளைந்தது. பிளாட் போடுகிற ஒருவர் என் பாதியைக் கேட்டு அண்ணனிடம் வந்தார். விற்றுவிடு என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றான்.

"ஏட்டி, நீ பள்ளிக்கூடத்துல சாக்பீஸ் பிடிக்கவ. முள்ளுக்காட்ட வச்சிக்கிட்டு என்ன செய்யப் போற?"

"வெட்டிட்டு உளுந்து போடுதேன்."

"ஐப்பசி மழைக்கு முன்ன வெட்டிக் காட்டு. பொறவு நான் வாயே தொறக்க மாட்டேன். வெட்டலன்னா கையெழுத்துப் போடணும்."

சரி என்றேன். ஆள் விட்டு வெட்டியிருக்கலாம். அப்படிச் செய்தால், 'ஆளுதான வெட்டுனான், நீயா வெட்டுன?' என்று ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவான். அந்தப் பேச்சை அவனுக்கு மிச்சம் வைக்க எனக்கு மனமில்லை. எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கும் முருகேசனிடம் பழைய செயின் ரம்பம் ஒன்றை வாங்கிவிட்டேன். முருகேசன் என் பழைய மாணவன். என் வீட்டுக்காரர் மிஷினைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வீட்ல ஏற்கெனவே ஒரு ரம்பம் இருக்கே, பத்தாதா?" என்றார். (பதில் சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.)

அந்த ரம்பத்துக்கு இரண்டு வாய். ஒன்றில் பெட்ரோல் ஊற்ற வேண்டும், இன்னொன்றில் எண்ணெய். நீளமான தகட்டைச் சுற்றிப் பல் வைத்த செயின் ஓடும். இரண்டும் உரசிச் சூடேறாமல் இருக்க எண்ணெய் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். ஊற்றிய எண்ணெய் திரும்பி வராது, மரத்தூளோடு சேர்ந்து மண்ணில் விழுந்துவிடும். என்ன எண்ணெய் என்று கேட்க முருகேசனுக்கு போன் போட்டேன். அவன் பின்னால் ஏதோ ஒரு மிஷின் கத்திக்கொண்டிருந்தது.

"செயினுக்கு நல்லெண்ணெயா பாத்து ஊத்துங்க டீச்சர். கண்டதையும் ஊத்திராதிய."

அவன் சொன்னது 'நல்ல எண்ணெய்'யாம். என் காதில் விழுந்தது நல்லெண்ணெய். தாளில் எழுதினால் நடுவில் இடம்விட்டுப் பிரித்துக் காட்டலாம். வாயால் சொல்லும்போது எங்கே இடம்விடுவது? நீங்களே வேகமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

செக்குக் கடைக்குப் போனேன்.

"சமையலுக்கா டீச்சர், தலைக்கா?" என்றார் கடை அண்ணாச்சி.

"ரம்பத்துக்கு."

அண்ணாச்சி கையிலிருந்த புனலைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அது எந்த எடத்துல வருத நோவு?" என்று கேட்டார்.

வீட்டில் அதைவிட மோசம். "மனுசனுக்குப் பாமாயில், மிசினுக்குச் செக்கு எண்ணெயா?" என்று என் வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ரம்பம் ஓடியது. எப்படி ஓடியது தெரியுமா? வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. செயின் சூடானதும் காடெல்லாம் பலகார வாசனை. ஆடு மேய்க்க வந்தவர்கள் வேலியோரம் நின்று, "என்னக்கா, முறுக்கா சுடுதிய?" என்று எட்டிப் பார்த்தார்கள். சனி ஞாயிறுகளில் நான் அறுப்பேன், வீட்டுக்காரர் முள்ளை இழுத்துப் போடுவார். காட்டில் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் காலாண்டுப் பரீட்சை வந்தது. தாள் திருத்துகிற மும்முரத்தில் ரம்பம் ஒரு மாதத்துக்கு மேல் மூலையில் கிடந்தது.

மழை நெருங்கியது. மிச்சத்தை முடித்துவிடலாம் என்று நான் காட்டில் இறங்கிய அன்று, அண்ணன் பிளாட்காரரைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். நல்லதாகப் போயிற்று, கண்ணால் பார்க்கட்டும் என்று ரம்பத்தைக் கிளப்புகிற கயிற்றைச் சுண்டினேன். இன்ஜின் உறுமியது. செயின் அசையவில்லை. புகைந்தது, அணைந்தது. திரும்பச் சுண்டினேன், திரும்ப அணைந்தது. எண்ணெயும் மரத்தூளும் காய்ந்து, ஆறிப்போன அதிரசப் பாகு மாதிரி செயினைத் தகட்டோடு ஒட்டிவைத்திருந்தன. எறும்பு வேறு வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்தது.

அண்ணன் குனிந்து முகர்ந்து பார்த்தான். "ஏட்டி, இதுல என்னத்த ஊத்துன?"

"நல்லெண்ணெய்."

அவன் நிமிர்ந்து பிளாட்காரரைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "பொம்பளையாளுக்கு வெள்ளிக்கிழம எண்ணெக் குளி, ஆம்பளையாளுக்குச் சனிக்கிழம. ஒன் ரம்பத்துக்கு எந்தக் கிழமட்டி?"

பிளாட்காரர் காரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.  எனக்கு அழுகை வந்தது. அழுதால் காடு போய்விடும் என்று அதை விழுங்கிக்கொண்டு முருகேசனுக்கு போன் போட்டேன்.

முருகேசன், செயினுக்கென்றே விற்கிற ஆயில் டப்பா ஒன்றோடு பைக்கில் வந்து இறங்கினான். "நான் நல்ல எண்ணெதான டீச்சர் சொன்னேன்."

"அதத்தானப்பா ஊத்தினேன்."

"நல்லெண்ணெ இல்ல டீச்சர். நல்ல... எண்ணெ."

"எள்ளும் நெய்யும் சேந்தா எண்ணெய். எண்ணெய்னாலே எள்ளோட நெய்தான். மத்ததுக்கெல்லாம் அது இரவல் பேரு. ஒனக்கு வேற எதாவது வேணும்னா ஆயில்னு சொல்லியிருக்கணும்."

அவன் தலையைச் சொறிந்தான். "பத்தாங்கிளாஸ்லயும் இதத்தான் கேட்டிய. அப்பவும் எனக்குப் பதில் தெரியல."

செயினைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தோம். பாகு இளகிப் பல்லெல்லாம் பளிச்சென்று ஆனது. மாட்டி முடித்ததும் முருகேசன் டப்பாவை நீட்டினான். அண்ணன் அவனைத் தடுத்து, "அதெல்லாம் எதுக்கு? வண்டியில வடிச்ச கறுப்பு ஆயில ஊத்து. ஊருல எல்லாவனும் அதத்தான் ஊத்துதான்" என்றான்.

எனக்கு எங்கிருந்தோ வெறி வந்தது. "நான் உளுந்து போடப்போற மண்ணு இது. இதுல கறுப்பு ஆயில் ஒரு சொட்டு விழக்கூடாது" என்றேன். நல்லெண்ணெய் பாட்டிலை எடுத்து, எல்லாரும் பார்க்க, ரம்பத்தின் வாய் நிறைய ஊற்றினேன். (தினமும் வேலை முடிந்ததும் துடைத்து வைத்தால் நல்லெண்ணெய்க்கு ஒரு குறையும் இல்லை. துடைக்காமல் கிடந்தது பரீட்சைத் தாள்களின் குற்றம்.)

கயிற்றைச் சுண்டினேன். ஓடியது. பலகார வாசனை கிளம்பியது. பிளாட்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு பசிக்கிறது என்று சொல்லிக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணன் போகவில்லை. பத்தாவது மரம் விழும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முள்ளை இழுக்க ஆரம்பித்தான். கடைசி மரம் விழுந்தபோது அவன் கால் முழுக்க முள், என் தலை முழுக்க மரத்தூள். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு மறுவாரம் மழை இறங்கியது.

பேச்சையெல்லாம் சேர்த்துவைத்து அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் பேசினான். அன்று தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. கல்யாண வீட்டில் யாராவது எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தினால், "எந்தங்கச்சிட்ட குடுங்க, ரம்பம் பசியோட இருக்கு" என்பான். அண்ணன் பிள்ளைகளுக்கு நான் எண்ணெய் அத்தை. சிரித்துக்கொள்ளட்டும்.

ஏனென்றால் அப்பா போனபிறகு அந்த நிலம் முழுவதையும், என் பாதியையும் சேர்த்து, ஊரில் 'சாமுவேல் காடு' என்றுதான் சொல்லிவந்தார்கள். பத்திரத்தில் என் பேர் இருந்தது, யார் வாயிலும் இல்லை. இப்போது உளுந்து பிடுங்க ஆள் கேட்டுப் போனால், "நல்லெண்ணெக் காட்டுக்கா?" என்கிறார்கள். போன வாரம் யாரோ ஒருவருக்கு அண்ணன் போனில் தன் நிலத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டேன்.

"நேரா வாங்க. நல்லெண்ணெக் காடு எதுன்னு கேளுங்க, சின்னப் பிள்ளகூடச் சொல்லும். அதுக்கு அடுத்தாப்லதான் நம்ம காடு."