இங்கே உரம் எடுக்கப்படும்

நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குக் குரல் வராது. செங்கல்பட்டில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் என் பெயரைக் கூப்பிட்டால், 'உள்ளேன் ஐயா' என்று பக்கத்தில் இருக்கும் பெண்தான் சொல்லுவாள். பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்கக்கூட வாய் வராது. அப்பா யோசித்துப் பார்த்து, ஒரு கண்டக்டருக்கே என்னைக் கட்டிவைத்துவிட்டார். (டிக்கெட் பிரச்சினை தீர்ந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது.)

கல்யாணமாகி நான் வந்தது மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊருக்கு. ஒரு பக்கம் மீன்பிடிப்பவர்களின் குப்பம், இன்னொரு பக்கம் நெல் வயல். எழுபதுகளின் நடுவில் மூத்தவன் சேகர் பிறந்தான். பிறந்து இருபதாம் நாளிலிருந்து சாயங்காலம் விளக்கு வைத்ததும் வீல் என்று ஆரம்பிப்பான். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மூன்று மணி நேரம். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பால் பத்தவில்லை, கண் பட்டுவிட்டது, பேர் சரியில்லை. அவன் அழ, நான் அழ, என் வீட்டுக்காரர் "நைட் டூட்டி கேட்டு வாங்கட்டுமா?" என்று பரிதாபமாகக் கேட்பார்.

விடிவு வந்தது பஸ்ஸில். அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது சேகர் கத்திய கத்தலில், வழி தெரியாமல் அவனைத் தொடைமேல் குப்புறப் போட்டுக்கொண்டேன். திருக்கழுக்குன்றம் தாண்டினால் அப்போது ரோடு என்று ஒன்று பெயருக்குத்தான் இருந்தது. பஸ் குலுங்கிய குலுக்கலில் அவன் வயிறு என் தொடைமேல் தடதடவென்று ஆடியது. திடீரென்று ஒரு சத்தம். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, எல்லா டயரையும் தட்டிப் பார்த்தார். டயர் நன்றாகத்தான் இருந்தது. என் பிள்ளை வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து வீட்டிலேயே பஸ் ஓட்ட ஆரம்பித்தேன். பாயில் உட்கார்ந்து, அவனைக் குப்புறப் போட்டு, தொடையை ஆட்டுவேன். தடுப்பூசி போட வந்த நர்சம்மா இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மிச்சத்தைச் சொல்லிக்கொடுத்தார். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கு. பால் கொடுத்த உடனே கை வைக்காதே. தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகிற பக்கமாக மெல்ல நீவு. பிறகு இரண்டு முழங்காலையும் சேர்த்து வயிற்றோடு மடக்கு. காய்ச்சல் இருந்தாலோ பால் குடிக்க மறுத்தாலோ எண்ணெயைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஓடி வா.

தெருவில் இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் செய்தேன். அழுகை நின்றது. செய்தி குப்பம் வரை போனது. தூக்கத் தெரியாமல் தூக்கியதில் பிள்ளைக்குச் சுளுக்கு விழுந்தால் எங்கள் பக்கம் 'உரம் விழுந்துட்டுது' என்பார்கள். அதை நீவிச் சரிசெய்வது உரம் எடுப்பது. நான் செய்தது வேறு. ஆனால் பெண்கள் அதற்கும் அந்தப் பேரையே வைத்துவிட்டார்கள். "கண்டக்டர் வூட்டம்மா உரம் எடுக்குது" என்று.

நர்சம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. "பஞ்சாயத்து ஆபீஸ்ல எல்லாத் தாய்மாரையும் கூப்பிட்டு ஒருநாள் செய்து காட்டுங்க. நானும் வரேன்" என்றார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்கும் குரல் வேண்டுமே!

கூட்டத்துக்கு முதல் நாள் காலையில் குப்பத்திலிருந்து கன்னியம்மா வந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். இடுப்பில் ஒன்றரை மாதப் பெண் குழந்தை.

"யக்கா, நீ நாளைக்கு எம்பொண்ணுக்கு எடுத்தே ஆவணும். அழுவ நிக்கலன்னா பொழுது சாயச்சொல்ல சூடு போட்ருவேன்னு கீறாங்க எங்க மாமியா. ஊசிய காயவச்சி வயித்துல" என்றாள்.

எனக்கு என் வயிற்றிலேயே சுட்டது போல இருந்தது. "இப்பவே குடு, எடுத்து வுடறேன்" என்றேன்.

"வூட்டுக்குள்ள எடுத்தா ஒத்துக்க மாட்டாங்களாம். நர்சம்மா, ஊரு, எல்லார் எதிர்லயும் எடுக்கணுமாம். அப்பத்தான் ஊசிய கீழ வைப்பாங்களாம்."

அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த நர்சம்மா அந்தக் குழந்தையை எடை போட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறது, வாயுதான் என்றார். போகும்போது என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து, பஞ்சாயத்து ஆபீஸ் கரும்பலகையில் எழுதிவிடச் சொன்னார். சீட்டில் 'கைக்குழந்தைகளின் வயிற்று உபாதை தணிய எண்ணெய் நீவும் செயல்முறை விளக்கம்' என்று இருந்தது. இதைப் படித்துவிட்டு எங்கள் ஊரில் யார் வருவார்கள்? தவிர, 'உபாதை'க்கு எந்தத் 'தை' என்று எனக்குச் சந்தேகம். (இருப்பதே ஒரு 'தை'தான் என்பது பயத்தில் மறந்துவிட்டது.) எல்லோருக்கும் புரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினேன்:

'நாளை காலை பத்து மணிக்கு இங்கே உரம் எடுக்கப்படும். அனைவரும் வருக.'

கீழே 'கைக்குழந்தைகளுக்கு மட்டும்' என்று சேர்க்க நினைத்தேன். அதற்குள் டீக்கடையிலிருந்து இரண்டு ஆண்பிள்ளைகள் வந்து முதுகுக்குப் பின்னால் நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சாக்பீஸைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.

அது போதாதென்று என் வீட்டுக்காரர் வேறு. பெண்டாட்டி பெருமையில், அன்றைக்கு ஓட்டிய நாலு டிரிப்பிலும், நின்ற ஸ்டாப்பில் எல்லாம் விசில் ஊதி, "நாளைக்கு எங்க ஊரு பஞ்சாயத்து ஆபீசுல உரம் எடுக்குறாங்கோ!" என்று கூவியிருக்கிறார்.

மறுநாள் எண்ணெய்ப் புட்டியும் பாயுமாகப் போனேன். ஆபீஸ் வாசலில் ஐம்பது அறுபது ஆண்பிள்ளைகள். ஏழெட்டு மாட்டு வண்டி, சைக்கிள்கள், எல்லோர் கையிலும் மடித்த சாக்கு. உள்ளே ஒரு மூலையில் பத்துத் தாய்மார்கள் ஒடுங்கி நின்றார்கள். எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பிள்ளைகள்மேல் இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையைப் படுக்கவைக்க ஆளுக்கொரு சாக்குகூடக் கொண்டுவந்திருக்கிறார்களே!

முறுக்கு மீசை வைத்த ஒரு பெரியவர் முன்னால் வந்தார். "எம்மா, நீதான் உரத்துக்கு வந்த ஆளா? தலைக்கு எத்தினி?"

தரையைப் பார்த்துக்கொண்டே, "ஒருத்தருக்கு ஒண்ணுதாங்க. ரெட்டையா இருந்தா ரெண்டு" என்றேன்.

"மூணு ஏக்கரு வச்சிகினு கீறவனுக்கும் ஒண்ணுதானா? இன்னா நாயம்மா இது?"

ஏக்கர் என் காதில் விழவில்லை. பயத்தில் எனக்குப் பாதிதான் விழும். "எண்ணெய் கொண்டாந்தீங்களா? தேங்கா எண்ணெய், லேசா சூடு பண்ணி..."

"யூரியாவுல தேங்கா எண்ணெயாடா?" என்று அவர் பின்னால் திரும்பிக் கேட்டார். பின்னாலிருந்தவர், "புதுசா வந்துகிறதா இருக்கும் மாமா. கேட்டு வச்சிக்க" என்றார்.

"சாயங்காலத்துல ரொம்ப அழுவுதுங்களா?" என்றேன்.

"அழுவுறது நாங்கதாம்மா. எல்லாம் மஞ்சளா நிக்குது."

"ஐயோ, மஞ்சளா இருந்தா நான் தொடக் கூடாதுங்க. உடனே நர்சம்மாகிட்ட காட்டிடுங்க."

அந்த நேரத்தில்தான் பஞ்சாயத்துத் தலைவர் வெளுத்த வேட்டியில் மூச்சிரைக்க வந்தார். "எனக்குத் தெரியாம எந்த ஆபீசர்யா உரம் அனுப்பனது? லோடு எங்க?" என்று கத்தினார். யூரியா ஒரு மூட்டைக்கு ஊரே அலைந்துகொண்டிருந்த காலம் அது. வயலில் போடுகிற சரக்குக்கும் உரம் என்றுதான் பெயர் என்பது அந்த நிமிடத்தில்தான் என் மண்டையில் ஏறியது. எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தார்கள். கரும்பலகையைப் பார்த்தவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

"ஏரு பூட்டறத வுட்டுட்டு வந்தேன்யா!" என்று ஒருவர் கத்த, "வண்டி கட்டிகினு வந்தேன், மாட்டுக்குப் பதில் சொல்லச் சொல்லு!" என்று இன்னொருவர் கத்த, நான் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்வாசலைப் பார்த்தேன்.

பின்வாசலில் கன்னியம்மாவின் மாமியார் நின்றிருந்தார். மீன் கூடைக்காரம்மா, வலுவான உடம்பு. பக்கத்தில் கன்னியம்மா. அவள் தோளில் குழந்தை நீலம் பாயக் கத்திக்கொண்டிருந்தது.

"இன்னா, ஓடப் பாக்குறியா?" என்றார் மாமியார். "ஓடும்மா. ஊசி வூட்ல காத்துகினு கீது."

கன்னியம்மா முன்னால் வந்தாள். குழந்தையை என் பக்கமாக நீட்டினாள்.

உட்கார்ந்துவிட்டேன். நர்சம்மா தலைவரிடம் ஏதோ சொல்லிக் கூட்டத்தை அடக்கினார். அடக்கியிருக்க வேண்டாம். அறுபது பேரும் சத்தமில்லாமல் சுற்றி நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். குழந்தையைத் தொடைமேல் குப்புறப் போட்டேன். ஆட்ட வேண்டும் என்று நினைத்தேன். தேவையே படவில்லை. பயத்தில் என் இரண்டு தொடையும் தாமாகவே திருக்கழுக்குன்றம் பஸ் மாதிரி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் பஸ் ஓட்டியதில்லை. வீறிட்டு அழுத குழந்தை விக்க ஆரம்பித்தது. விக்கியது முனக ஆரம்பித்தது.

மல்லாத்திப் போட்டேன். எண்ணெயைக் கையில் தேய்த்து, தொப்புளைச் சுற்றி நீவினேன். வயிறு தேங்காய் மாதிரி கல்லாக இருந்தது. ஒரு சுற்று, இரண்டு, பத்து. மனசுக்குள் காயவைத்த ஊசியே நின்றது. தலைவர் என்ன நடக்கிறது என்று குனிந்து பார்த்தார். முழங்கால் இரண்டையும் சேர்த்து மெல்ல மடக்கினேன்.

வந்தது பாருங்கள்! முதலில் சத்தம். பிறகு, அந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு எங்கே இருந்தது என்று நர்சம்மாவே அதிசயப்பட்டார். மஞ்சளாக, பீய்ச்சி அடித்து, தலைவரின் வெளுத்த வேட்டியில் இடுப்பிலிருந்து கரை வரை.

தலைவர் வேட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு முறுக்கு மீசைக்காரர் சாக்கை உதறி விரித்தார்.

"உரம் வந்துட்ச்சிபா! வரிசையில வாங்க!"

கூரை அதிரச் சிரித்தார்கள். தலைவர் வேறு வழியில்லாமல் அவரும் சிரித்தார். குழந்தை கையை விரித்துப்போட்டுத் தூங்கிவிட்டது.

மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். மெத்தென்று இருந்தது. "நாளைக்கும் அழுவுமே, அப்ப இன்னா பண்ணுவ?" என்றார்.

"அழுவும்!" என்றேன். யாரோ கத்துகிறார்களே என்று பார்த்தால் நான்தான். "இன்னும் ஒரு ரெண்டு மாசம் அழுவும். தினமும் எடுத்துகினு வாங்க, தினமும் எடுக்கறேன். சூடு மட்டும் போடாதீங்க. போட்டா நான் உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு கத்துவேன்!"

அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாயி கீதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாள் சாயங்காலம் அவரேதான் தூக்கிக்கொண்டு வந்தார். ஊசிபற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. மூன்றாம் வாரத்தில் அவரே நீவக் கற்றுக்கொண்டு, குப்பத்தில் எனக்குப் போட்டியாகிவிட்டார்.

நர்சம்மா செவ்வாய்க்கிழமைதோறும் தாய்மார்களைக் கூட்டினார். நான் செய்துகாட்டினேன். இன்றும் முதல் ஐந்து நிமிடம் எனக்குத் தொடை நடுங்கும். பார்க்கிறவர்கள் அதுவும் பாடத்தில் சேர்த்தி என்று நினைத்து அதேபோல் ஆட்டுவார்கள். நானும் திருத்தியதில்லை.

பெயர்தான் போகவில்லை. ஊருக்கு நான் உரக்காரம்மா. சேகருக்குப் பெண் பார்க்கப் போனபோது சம்பந்தி தயங்கித் தயங்கி, "உங்க வூட்டம்மா உரம் யாவாரம்னு சொன்னாங்க. நமக்கும் அஞ்சு ஏக்கரு கீது..." என்று இழுத்தார். என் வீட்டுக்காரர் கொஞ்சம்கூடச் சிரிக்காமல், "பேரன் பொறக்கட்டும். உங்க மடிக்கே சரக்கு வரும்" என்றார்.

பேரன் பிறந்தான். போன மாதம் சம்பந்தி புது வேட்டியில் அவனை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து அலறல் கேட்டது.

"சம்பந்தியம்மா! லோடு வந்துட்ச்சி!"