மினி பஸ்ஸை நிறுத்திய ஜெராக்ஸ் அமெரிக்கா

அமெரிக்கா போய் வந்தவர்களைவிட அமெரிக்காவை நன்றாக அறிந்த ஒருவர் எங்கள் வேங்கிக்காலில் இருந்தார். மனிதர் பக்கத்தில் இருக்கிற செங்கத்தைத் தாண்டியதில்லை. ஜெராக்ஸ் கடைக்காரர். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஜெராக்ஸ் அமெரிக்கா.

எதைக் கொடுத்தாலும் படித்துவிட்டுத்தான் நகலெடுப்பார். பத்திரத்தை நீட்டினால், "உங்க சித்தப்பா இதுல கையெழுத்தே போடலியே, பாத்தீங்களா?" என்று ஒரு குடும்பச் சண்டையையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவார். ஒருநாள் ஒரு கல்லூரிப் பெண் அமெரிக்க வரலாற்று நோட்ஸுக்கு இரண்டு காப்பி கேட்டு, ஒன்றை மறந்துவிட்டுப் போய்விட்டாள். அவர் அதை மூன்று மாதம் படித்தார்.

அதற்குப் பிறகு வேங்கிக்காலில் என்ன நடந்தாலும் அது அமெரிக்காவில் முன்பே நடந்ததுதான். எங்காவது பொக்லைன் மண்ணை அள்ளினால், "ஆரம்பிச்சிடுச்சு தொழில் வளர்ச்சி" என்பார். எதிர்வீட்டுப் பெண் கார்மென்ட்ஸ் வேனில் ஏறினால், "அங்கயும் பொண்ணுங்க மில்லுக்குப் போனாங்க. வூட்ல ஆம்பளைங்க சத்தம் கம்மியாச்சு" என்பார். எதிர்வீட்டு ஆம்பளை அன்றைக்குச் சத்தமில்லாமல்தான் இருந்தார்.

மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளிப் புதிதாக மனை போட்டார்கள். மொத்தம் பதினோரு வீடுகள், மற்றதெல்லாம் கல் நட்ட பொட்டல். நான் அங்கே டிபன் கடை போட்டேன். அவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கே வந்துவிட்டார்.

"காட்டைத் திருத்தி மொதல்ல குடியேறனவங்கய்யா நாம!" என்று மார்தட்டினார். எட்டாவதோடு நின்ற எனக்கு இட்லி ஊற்றுவதும் கவலைப்படுவதும்தான் தெரிந்த தொழில். இட்லியில் பாதி மாட்டுக்குப் போனது. மினி பஸ் எங்கள் தெரு வழியாகத்தான் போனது, ஆனால் நிற்கவில்லை.

"இந்த மாசம் பாக்கறேன். அப்பறம் கடைய மூடிட்டு டவுன் ஓட்டலுக்கே மாஸ்டரா போய்டுய்யா" என்று என் மனைவி கெடு வைத்தாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

ஜெராக்ஸ் அமெரிக்காவுக்குத் தூக்கம் போகவில்லை. "அங்க ரயில் நின்ன ஊரு பொழைச்சிது, நிக்காத ஊரு காலியாச்சு. நாம பஸ்ஸ நிக்க வெக்கணும், அவ்ளோதான்."

"மனு குடுக்கலாமாங்க?"

"தினம் அம்பது மனு ஜெராக்ஸ் எடுக்கறேன். நம்மளுது அம்பத்தொண்ணாவதுய்யா."

முதலில் 'பேருந்து நிறுத்தம்' என்று அவரே பலகை எழுதி நட்டார். டிரைவர் அதற்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அடுத்த நாள் இவர் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் நின்றார். "இன்னா பெருசு, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" என்று டிரைவர் வளைத்து ஓட்டினார். நான் கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு அண்ணாமலையாரைக் கூப்பிட்டேன்.

அன்று மறுபடி நோட்ஸைப் புரட்டியவர், "தண்ணி!" என்று கத்தினார். "அங்க ரயிலுக்கு ஆவி எஞ்சின்யா. நடுநடுவுல தண்ணி ரொப்பணும். எங்க தொட்டி கட்னாங்களோ அங்க ரயில் நின்னுச்சு. நின்ன எடத்துல ஊரு மொளைச்சுது."

"இது டீசல் வண்டிங்களே?"

"அந்த வண்டியோட ரேடியேட்டரப் பாத்தியா? அது அந்தக் காலத்து எஞ்சினுக்கு அண்ணன்!"

என் கடை வாசலில் நீல டிரம் வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் மொண்டு ஊற்ற ஒரு பிளாஸ்டிக் மக்கு. மேலே அட்டை: 'ரேடியேட்டர் தண்ணி இலவசம்.' கொசு வந்தால்? மாடு முட்டிச் சாய்த்தால்? நான் வரிசையாகக் கேட்டேன். அவர் வரிசையாக மூடி போட்டார், கல் வைத்தார், கயிறு கட்டினார்.

மூன்று நாள் பஸ் பறந்தது. நாலாம் நாள் முன்பக்கம் புகை கக்கிக்கொண்டு வந்து, டிரம்முக்கு நேராக நின்றது. டிரைவர் தண்ணீர் ஊற்றினார். எஞ்சின் ஆறவேண்டும் என்று நின்றவர் மூக்கைத் தூக்கினார். "சாம்பார் வாசனை ஜாஸ்தியா கீதே, யாருது கடை?"

நாலு இட்லி சாப்பிட்டார். கண்டக்டர் ஆறு. உள்ளே உட்கார்ந்து வெந்துகொண்டிருந்த பயணிகளும் இறங்கினார்கள். ஒன்பதே முக்காலுக்கு என் மாவுப் பாத்திரம் காலி. அதற்கப்புறம் ரேடியேட்டர் சூடாகாத நாளிலும் பஸ் நின்றது. என் மனைவி கெடுவைப் பற்றிப் பேசுவதே இல்லை. இரண்டாவது கிரைண்டரைப் பற்றித்தான் பேசுகிறாள்.

பதினோரு வீடு நாற்பதானதும் ஒருநாள் அவர் மெஷினைக் கோணியில் சுற்றினார். நான் கரண்டியும் கையுமாக ஓடினேன்.

"இன்னாங்க இது, கடை நல்லா ஓடற நேரத்துல?"

"அதாய்யா பிரச்சினை. கூட்டம் சேந்துட்டா, மொதல்ல வந்தவன் அடுத்த காட்டுக்கு வண்டி கட்டிடுவான். அங்க அப்படித்தான்."

இரண்டு கிலோமீட்டர் உள்ளே, நாலே வீடு இருக்கிற இன்னொரு மனையில் கடை போட்டிருக்கிறார். அங்கே பஸ்ஸும் கிடையாது, டிபன் கடையும் கிடையாது. நான் செவ்வாய்தோறும் சைக்கிளில் இட்லிப் பொட்டலத்தோடு போகிறேன். சும்மா வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருப்பதால் ஆதார் அட்டையை நீட்டுகிறேன்.

"போன வாரம்தானேய்யா எடுத்துகினு போன?"

"தொலைஞ்சிடுச்சுங்க."

வீட்டு அலமாரியில் இருபத்தேழு நகல்கள் இருக்கின்றன.