ஃப்ளோரா டீச்சர் அவர்களின் கவனத்திற்கு

"என்னப்பா இது, வழவழன்னு இருக்கு?" என்றார் ஃப்ளோரா டீச்சர், அட்டையை இரண்டு கையாலும் தடவியபடி.

சித்தார்த்தனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அட்டையை வாங்கித் தானும் தடவினான். உண்மைதான், ஒரு புள்ளி மிச்சமில்லை.

பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி அச்சடித்து வாங்கிய பிரெய்ல் அட்டை அது. குப்பை வண்டி வரும் நேரம், ஈரக் குப்பை என்றைக்கு, உலர்ந்த குப்பை என்றைக்கு என்று எல்லாம் புள்ளி புள்ளியாக எழும்பி நின்றது. ஆனால் அவன் வேலை பார்த்த மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் லேமினேட் செய்யாத காகிதத்தைக் காகிதமாகவே மதிப்பதில்லை. பழக்கதோஷத்தில் அதையும் மெஷினுக்குள் விட்டான். சூட்டில் புள்ளிகள் படுத்துவிட்டன.

பெசன்ட் நகரில், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, லிப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில் டீச்சர் தனியாக இருந்தார். பார்வை போய்விட்டது, முட்டி தேய்ந்துவிட்டது. 'பார்வையில்லாதவர்களுக்கு வண்டி நேரத்தைத் தெரிவிக்க உங்களிடம் ஒரு வழியும் இல்லை' என்பது அவர் கொடுத்த புகார். வெள்ளிக்கிழமைக்குள் 'தெரிந்துகொண்டேன்' என்று அவர் கையெழுத்துப் போடாவிட்டால், சித்தார்த்தனுக்குப் பெருங்குடிக் குப்பைக் கிடங்குக்கு மாற்றல். மேலதிகாரி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஜெஃப்ரியும் அங்கேதான் போயிருந்தார். ஏன் போனார் என்று கேட்டால் அலுவலகத்தில் எல்லோரும் பேச்சை மாற்றினார்கள். பதினோரு வருடம் குப்பைத் துறையில் குப்பை கொட்டியும், நாற்றம் என்றால் குமட்டுகிற மூக்கு சித்தார்த்தனுக்கு.

"பரவாயில்ல, நாளைக்கு ஏழு மணிக்கு வா. போறப்ப வாசல்ல இருக்கிற பையையும் கீழ கொண்டுபோயிடுப்பா."

கீழே பேட்டரி குப்பை வண்டியோடு நின்ற வேலம்மா பையை வாங்கிக்கொண்டாள்.

"இன்னா சார், கையெழுத்து ஆச்சா?"

"நாளைக்கு."

வேலம்மா பையைப் பிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை, லேமினேட் செய்யாத புது அட்டையைக் குழந்தையைப்போல ஏந்திக்கொண்டு வந்தான். டீச்சர் தடவிப் பார்த்துவிட்டு, "புள்ளியெல்லாம் அழகா இருக்கு. ஆனா எனக்கு பிரெய்ல் தெரியாதே," என்றார்.

சித்தார்த்தன் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "நேத்தே சொல்லியிருக்கலாமே, டீச்சர்."

"நீ கேக்கலியே. ரிடையர் ஆனப்புறம் சுகர்ல போன கண்ணுப்பா இது. அப்புறம் எங்க போய்ப் படிக்கிறது? அந்தப் பையை மறந்துடாத."

பையோடு மூன்று மாடி இறங்கியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. "இதை நீயே மேல போய் வாங்கிக்கக் கூடாதா?" என்று வேலம்மாவிடம் எரிந்து விழுந்தான்.

"வண்டிய வுட்டுட்டு மாடி ஏறினா மெமோ சார். அந்த ரூல உங்க ஆபீஸ்லதான் லேமினேட் பண்ணிக் குடுத்துகிறாங்கோ."

புதன்கிழமை வாட்ஸ்அப். டீச்சரின் போன் வந்த செய்தியைப் படித்துச் சொல்லும் என்று கேள்விப்பட்டு, அட்டவணையைப் பூ பார்டர் போட்டு, முத்திரை வைத்து அனுப்பினான். போன், "படம்," என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும், "படம்." அத்தோடு சரி. அன்றைக்குப் பையை அவனாகவே எடுத்துக்கொண்டான்.

காதால் கேட்கிற மாதிரி இருந்தால்தானே சரிப்படும் என்று வியாழக்கிழமை வண்டி ஒலிபெருக்கியில் தன் குரலையே பதிவு செய்து போட்டான். அரசாங்க மரியாதைக்குக் குறைவு வரக்கூடாதே என்று கனத்த குரலில் நிறுத்தி நிதானமாகப் பேசியிருந்தான்: "ஓய்வுபெற்ற ஆசிரியை திருமதி ஃப்ளோரா அவர்களின் இல்லத்திலிருந்து... காலை ஏழு மணிக்கு..."

மீதியைக் கேட்கத் தெருவில் யாரும் காத்திருக்கவில்லை. மாதா கோயில் பங்கு மக்களில் யாராவது இறந்தால் ஆட்டோவில் மைக் கட்டி இப்படித்தான் சொல்வார்கள். பத்தாவது நிமிடம் எதிர்வீட்டு ஆம்ப்ரோஸ் ரோஜா மாலையோடும், அவருக்குப் பின்னால் பாடகர் குழுவில் பாதிப் பேர் ஜெபமாலையோடும் மூன்று மாடி ஏறி வந்தார்கள். கதவைத் திறந்தது டீச்சரே.

ஆம்ப்ரோஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு ஆம்ப்ரோஸா? என்ன, எல்லாரும் அழுறீங்க? யார் போயிட்டாங்க?"

"நீங்கதான், டீச்சர்."

டீச்சர் மாலையைத் தடவி முகர்ந்து பார்த்து, ரோஜா புதுசுதான் என்றார். சித்தார்த்தன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். சாயங்காலத்துக்குள் ஆம்ப்ரோஸின் ரத்தக்கொதிப்பு பற்றி இரண்டாவது புகார் வந்து சேர்ந்தது. மேலதிகாரி போனில், "பெருங்குடிக்கு எந்த பஸ்னு விசாரிச்சு வச்சுக்கோ," என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு போனான். டீச்சரின் எதிரே உட்கார்ந்து, வண்டி நேரத்தை வாயாலேயே சொன்னான். டீச்சர் அதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். அவன் சொல்ல மறந்த, பண்டிகை நாளில் வண்டி அரை மணி தாமதமாக வரும் என்பதையும் சேர்த்தே சொன்னார். சித்தார்த்தனுக்கு உயிர் வந்தது. காகிதத்தை நீட்டி, பேனாவை அவர் விரலில் வைத்தான்.

"கை நடுங்குதுப்பா. நாளைக்கு வாயேன்."

"நாளைக்குச் சனிக்கிழமை, டீச்சர்."

"சனிக்கிழமையும் ஏழு மணிக்குத்தானே வண்டி?"

அவன் காகிதத்தை மடித்துச் சட்டையில் செருகிக்கொண்டான். பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி, வேலம்மாவிடம் கொடுத்துவிட்டு வண்டியின் ஓரத்திலேயே சாய்ந்தான்.

"எல்லாந்தான் மனப்பாடமா சொல்றாங்க, வேலம்மா. அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க?"

வேலம்மா பையைப் பிரித்து, ஈரத்தைப் பச்சைத் தொட்டியிலும் காய்ந்ததை நீலத் தொட்டியிலும் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"போட்டுட்டா நாளைக்கு யாரு சார் மேல ஏறி வருவாங்கோ? வண்டி வந்தா டீச்சருக்கு டெய்லி போன் போடறதே நான்தான். பைய இறக்கத்தான் ஆள் இல்ல, ஜெஃப்ரி சாரு ஏழு மாசம் இறக்குனாரு."