தன்னால சாரும் நாற்பது ஸ்விட்சுகளும்

புதுச்சேரியைச் சல்லடை போட்டுத் தேடினாலும் தன்னால சாரைப் போல ஒரு சோம்பேறி கிடைக்க மாட்டார். அந்தச் சோம்பேறித்தனத்துக்காக அவரைப் போல மாடாய் உழைத்தவரும் கிடைக்க மாட்டார். பத்து நிமிஷ வேலையைச் செய்யாமல் தப்பிக்க மூன்று வாரம் கண் சிவக்க உட்கார்ந்திருப்பார். கேட்டால், "இனிமே அது தன்னால நடக்கும்ல?" என்பார். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதை யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் ஆபீஸ் உப்பளத்தில், ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. மில் ஓடினால் எங்கள் கீபோர்டும் சேர்ந்து ஆடும். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கம்ப்யூட்டர் நெட்வொர்க் போட்டுப் பராமரிப்பது எங்கள் தொழில். முதலாளியை எல்லோரும் முசியே என்போம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். நல்ல மனநிலையில் தமிழ், கோபம் வந்தால் பிரெஞ்சு. அதனால் எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் கொஞ்சம் பிரெஞ்சு தெரியும்.

நான் சேர்ந்த முதல் நாளே தன்னால சார் எனக்குத் தன் கொள்கையை விளக்கிவிட்டார்.

"எல்லாம் தன்னால நடக்கணும்மா. அப்ப மனுஷன் எதுக்கு இருக்கான்?"

"எதுக்கு சார்?"

"டீ குடிக்க."

அந்த டீயையும் விட்டுவைக்கவில்லை. காலை பத்தரைக்குத் தானாகவே கொதிக்கும்படி மின்சாரக் கெட்டிலை எதனுடனோ இணைத்து வைத்தார். அதுவும் சொன்ன நேரத்துக்குக் கொதித்தது. உள்ளே தண்ணீர்தான் இல்லை. கருகிய வாசனை கீழே மில் வரைக்கும் போய், மாவு அரைக்க வந்த அம்மாள் ஒருத்தி ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். அவர் அசரவில்லை. "தண்ணி ஊத்துறது அடுத்த வெர்ஷன்ல வருது" என்றார்.

லீவு லெட்டர் கதை இன்னும் மோசம். காலை ஒன்பதரைக்குள் விரல் வைக்கும் மெஷினில் தன் பெயர் பதிவாகாவிட்டால், முசியேவுக்குத் தானாகவே ஒரு மெயில் போகும்படி எழுதி வைத்திருந்தார். ஒரு திங்கட்கிழமை அவர் சீக்கிரமே வந்துவிட்டார். மெஷின் அவர் விரலை ஏற்கவில்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை. முசியேவின் அறையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது முசியேவின் போன் 'டிங்' என்றது.

முசியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார். "'கடுமையான காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை'ன்னு போட்டிருக்க. இப்ப எப்புடி இருக்கு?"

தன்னால சார் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "குறைஞ்சிடுச்சு முசியே" என்றார்.

தேங்காய்த்திட்டில் மீன் விற்கும் ஒரு அக்காவுக்குத் தினமும் காலை ஆறு மணிக்கு 'வஞ்சிரம் இருக்கா?' என்று வாட்ஸ்அப் போகும்படி செய்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தது. கேள்வி மட்டும் நாள் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அந்த அக்காவே படியேறி வந்துவிட்டாள்.

"எந்த ஆளுய்யா அது? போட்டு எல்லாம் கரையில நிக்குது, வஞ்சிரம் இருக்கா வஞ்சிரம் இருக்கான்னு டெய்லி உயிரெடுக்கிறீங்களே! நான் என்னா நீந்திப் போயா புடிச்சாருவேன்?"

தன்னால சார் மேஜைக்கு அடியில் ஏதோ கேபிளைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா இறங்கிப் போகிற வரைக்கும் கேபிள் கிடைக்கவில்லை.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் என் வேலை இருந்தது. குழந்தை பிறந்து நான்கு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலைக்கு வந்திருந்தேன். பஞ்சாலையை மூடிய நாளிலிருந்து மாமனாருக்கு வேலை இல்லை. கணவருக்கோ மாதத்தில் பாதி நாள்தான் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று முசியே சொல்லியிருந்தார். "ஒரு பெரிய தப்பு, அவ்ளோதாம்மா. கோவிச்சுக்கக் கூடாது." அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம்.

நோணாங்குப்பம் பாலம் தாண்டி இருந்த ஒரு கல்லூரியின் வேலை வந்தது. அங்கே நாற்பது ஸ்விட்சுகள். விளக்கு போடுகிற ஸ்விட்ச் இல்லை. வரிசையாகக் கேபிள் செருகும் ஓட்டைகள் உள்ள பெட்டி. ஒரு கட்டடத்துப் பெட்டியிலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு எந்த வழியாகப் போவது என்று அதுவரை கையால் எழுதி வைத்திருந்தோம். கேபிள் அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். இனி பெட்டிகளே பக்கத்துப் பெட்டிகளிடம் வழி கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு ரூட்டிங் புரோட்டோகால் என்று பெயர். ஒவ்வொரு பெட்டியிலும் வெளியே போகிற ஓட்டைகளுக்கெல்லாம் அதற்கான கட்டளை வரிகளைப் போட வேண்டும். மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை அங்கே ஆன்லைன் பரீட்சை. அதற்குள் முடித்தாக வேண்டும்.

"கையால அடிச்சா ரெண்டு நாள் வேலைய்யா" என்றார் முசியே.

"ஸ்கிரிப்ட் எழுதினா ஒரு நிமிஷம் முசியே."

"எப்ப முடியும்?"

"மூணு வாரத்துல."

முசியே பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

எல்லாப் பெட்டிகளிலும் வரிகளைத் தானாகவே போடுகிற அந்த ஸ்கிரிப்ட் அவருடையது. அது படிக்க வேண்டிய பட்டியலை எக்செல்லில் போடுவது என் வேலை. எந்தப் பெட்டி, எந்த ஓட்டை, என்ன முகவரி, எந்த ஏரியா. ஏரியா என்பது வார்டு எண் மாதிரி. இரண்டு பெட்டிகளும் ஒரே எண்ணைச் சொன்னால்தான் ஒன்றோடு ஒன்று பேசும். எங்களுக்கு எல்லாவற்றுக்குமே 'ஏரியா 0' தான். முதல் கட்டத்தில் அதை அடித்து, மூலையைப் பிடித்துக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டேன். இதற்கெல்லாமா ஒவ்வொன்றாக அடிப்பது? அவரோடு ஐந்து மாதம் இருந்த சகவாச தோஷம்.

பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை மதியம் தன்னால சார் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு பொத்தானை அழுத்தினார். பழைய வழிகளை அழித்துவிட்டு, நாற்பது பெட்டிகளிலும் புதிய வரிகள் போய் உட்கார்ந்தன. சொன்ன மாதிரியே ஒரு நிமிஷம். எல்லோரும் கை தட்டினோம். தட்டிய கையை எடுப்பதற்குள் கல்லூரியிலிருந்து போன்.

"சார், ஒன்னுமே வரலியே சார்!"

முதல் பெட்டியைத் தவிர எதையும் ஆபீசிலிருந்து எங்களால் தொட முடியவில்லை. தன்னால சார் என் பட்டியலைத் திறந்தார். ஏரியா என்ற கட்டம் குறுகலாக இருந்ததால் எண்கள் தெரியவில்லை. அவர் அதை அகலமாக்கினார். ஏரியா 0, ஏரியா 1, ஏரியா 2 என்று கீழே போய்க்கொண்டே இருந்தது. நான் இழுக்க இழுக்க எக்செல் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானம் மாதிரி ஒவ்வொரு பெட்டியும் ஒவ்வொரு திசையில் தனியாகக் கிடந்தது. எனக்கு வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் முதலில் தோன்றியது.

முசியே அறையிலிருந்து வெளியே வந்தார். "சே பா போசிப்ள்! இப்படியும் நடக்குமா? யாரு பண்ண தப்பு இது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தன்னால சார் பட்டியலை மூடிவிட்டார்.

"என்னுது முசியே. ஸ்கிரிப்ட்ல நம்பரை ஒன்னு ஒன்னா ஏத்திட்டேன். ஏத்தக் கூடாது."

முசியே அவரை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தண்டனையைத் தமிழிலேயே சொன்னார். "நாளைக்கு நீயே போயி நாப்பதையும் சரி பண்ற. இன்னியிலிருந்து ஆறு மாசத்துக்கு ஸ்கிரிப்ட்டுன்ற பேச்சே கூடாது. எல்லாம் கையாலதான் அடிக்கணும்."

நாற்பது பேர் முன்னால் மொட்டையடித்திருந்தால்கூட அவர் முகம் அப்படிப் போயிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். படகுத்துறைக்குப் போகிற சுற்றுலாக் கூட்டத்தில் எங்கள் ஸ்கூட்டர் ஒரு மணி நேரம் நகரவில்லை. கல்லூரியில் பெட்டிகள் எல்லாம் மனிதன் எட்டாத இடங்களில் இருந்தன. பீரோ மேல், கழிவறைக் கதவுக்கு மேல், ஒன்று வேதியியல் கூடத்தில் எலும்புக்கூட்டுக்குப் பின்னால். அந்த எலும்புக்கூடு ஏன் வேதியியல் கூடத்தில் இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் ஏணி போட்டு ஏறி, கேபிளைச் செருகி, மடியில் லேப்டாப்பை வைத்து ஏரியா எண் வரிகளை மட்டும் திருத்தி அடிக்க வேண்டும். அப்போதுதான் அந்த ரகசியம் எனக்குத் தெரிந்தது. தன்னால சாருக்கு டைப் அடிக்கத் தெரியாது. வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு எழுத்தையும் கீபோர்டில் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார். நான் அடிக்கிறேன் என்றால் தரவில்லை. "எனக்குக் குடுத்த தண்டனைம்மா, நீ ஏன் வாங்கிக்கிற?"

இருபதாவது பெட்டி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அது நான் போட்ட லிஸ்ட்டு. நான்தான் இழுத்தேன்."

"தெரியும்மா."

"அப்புறம் ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?"

அவர் ஏணி மேலிருந்து என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தார். "உன்னை வூட்டுக்கு அனுப்பிட்டா அடுத்த லிஸ்ட்ட யாரு போடுறது? நான் தானே குந்திக்கினு போடணும்? எனக்கு அந்த உடம்பு கெடையாதும்மா."

பொழுது சாய்வதற்குள் நாற்பதும் ஒன்றோடு ஒன்று பேச ஆரம்பித்துவிட்டன. திங்கட்கிழமை பரீட்சை நடந்தது. அடுத்த மாதம் எனக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அதை அவரிடம் காட்டினேன். வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "நல்ல பேப்பர்" என்று திருப்பிக் கொடுத்தார்.

மீதி ஐந்து மாதமும் அவர் முசியேவின் உத்தரவை அப்படியே காப்பாற்றினார். குனிந்து கீபோர்டைத் தேடினால் வரி தவறிவிடும், வரியைப் பார்த்தால் எழுத்து தவறிவிடும். அதனால் தினமும் என் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, போட வேண்டிய வரிகளை ஒவ்வொன்றாக நான் வாசிப்பேன். அவர் ஒற்றை விரலால் அடிப்பார். கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருக்கும். வேலை ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. எனக்கு ஒரு நாளும் அவசரமாகவே இல்லை.