வேடியப்பன் வண்டி துடைத்த கதை

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆண்களில் ஓட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பார்கள். இங்கே சொல்ல வந்தது இன்னோர் இனம். வண்டி எந்த மூலையில் நிற்கிறது என்பதே இவர்களுக்கு மாதக்கணக்கில் நினைவிருக்காது. மழை, வெயில், காக்கை, குரங்கு என்று வரிசையாக வந்து தத்தம் வேலையை முடித்துவிட்டுப் போகும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லி வாயில் இருக்கும்போதே, வண்டியின் மேல் அப்படியொரு பாசம் பொங்கிக்கொண்டு வரும். பார்த்திருப்பீர்களே? ஓட்டை பனியனும் மடித்துக் கட்டிய லுங்கியுமாக, நாலு பக்கெட் தண்ணீருக்கு நடுவே, தெருவையே அடைத்துக்கொண்டு குந்தியிருப்பாரே, அவரேதான்.

அவரிடம் போய், "என்னாங்க, வண்டி கழுவறீங்களா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனம் நொந்துபோவார்.

"கழுவறதுன்னா சும்மா தண்ணி ஊத்தறதுங்க. இது டீப் கிளீனிங்."

அடி அண்ணாமலை வேடியப்பன் இந்த இனத்தில் முதல் தரம். வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. உடன் வேலை பார்க்கும் சுரேஷ்குமார் கார் வாங்கி, தினமும் வாசலில் வந்து ஹாரன் அடித்து ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்ததிலிருந்து, வேடியப்பனின் சிவப்பு மோட்டார் சைக்கிள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பாதாம் மரத்தடியில் ஓய்வு பெற்றுவிட்டது. மலையிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் சீட்டைக் கிழித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தன. பஞ்சுதான் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் தினமும் வந்து சரிபார்த்தன. செயின் துருவேறி, கண்ணாடியில் காக்கை எச்சம் காய்ந்து, சிவப்பு எது தூசி எது என்று தெரியாத நிறத்துக்கு டேங்க் வந்து சேர்ந்தது.

"வண்டிய வித்தாவது தொலைங்க" என்பாள் மனைவி மணிமொழி.

"அது ராசியான வண்டி. அத போய் விக்கறதா?" என்பார் வேடியப்பன். சொல்லிவிட்டு சுரேஷ்குமாரின் காரில் ஏறிப் போய்விடுவார்.

இப்படியே போயிருக்கும். ஆனால் மணிமொழிக்கு வேலை கிடைத்துவிட்டது. பரீட்சை எழுதி எழுதி, இனி வராது என்று அவளே முடிவு கட்டிய பிறகு, கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை வேலை. திங்கட்கிழமை காலை மணியடிப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். தலைமை ஆசிரியை ரேணுகாம்பாள் போனிலேயே, "மொத நாளே லேட்டா வந்தீங்கன்னா எனக்குப் புடிக்காதும்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதில் ஒரு சிக்கல். அந்தத் திங்கட்கிழமை பௌர்ணமி. பௌர்ணமியன்று அடி அண்ணாமலையில் குடியிருப்பவர்களின் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கிரிவலக் கூட்டம் காலையிலிருந்தே சேர ஆரம்பிக்கும். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்களுக்குப் போய்விடும். நேரம் ஆக ஆகப் போலீஸ்காரர்கள் தடுப்பைக் கொண்டுவந்து ரோட்டில் வைத்துவிடுவார்கள். சீக்கிரமே கிளம்பினால்தான் உண்டு. சுரேஷ்குமாரோ பௌர்ணமியன்று காரை வெளியே எடுக்கவே மாட்டார்.

"எப்படிங்க போறது?" என்று மணிமொழி கவலைப்பட்டாள்.

"நம்ம வண்டி எதுக்கு இருக்குது? நான் கொண்டுபோயி உடறேன்" என்றார் வேடியப்பன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. கல்யாணமான புதிதில் அந்த வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து மலையைச் சுற்றியவள் அவள். அந்த வண்டியை நம்பினாள், அவரையும் நம்பினாள்.

ஞாயிறு காலை வேலை ஆரம்பித்தது. முதலில் வீடியோ. கையுறை போட்ட ஒருவர், ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் ஒரு வண்டியை மேலும் சுத்தமாக்கிக் காட்டும் வீடியோ. அதைத் திரும்பத் திரும்பப் பார்த்ததிலேயே பாதிக் காலை போயிற்று. அடுத்து கடைக்குப் போய் ஷாம்பு பாக்கெட், பாலிஷ், மெழுகு, செயினுக்கு ஸ்ப்ரே, துருவுக்கு ஒரு டப்பா, துரு திரும்ப வராமலிருக்க இன்னொரு டப்பா. பங்க்கில் ஒரு பாட்டிலில் டீசல். அப்புறம் குளியலறையில் கைக்குக் கிடைத்த டூத் பிரஷ். அது யாருடையது, பழசா புதுசா என்பதெல்லாம் டீப் கிளீனிங் செய்கிறவர் யோசிக்கிற விஷயமா?

வீடியோக்காரர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லியிருந்தார்: சைலன்சருக்குள் தண்ணீர் போகக் கூடாது, துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். வேடியப்பன் ஒரு ரோஸ் நிறத் துண்டை இரண்டாகக் கிழித்து, பாதியைச் சுருட்டி, சைலன்சர் வாயில் வைத்து, கட்டைவிரலால் குத்திக் குத்தி உள்ளே தள்ளினார். "ஒரு சொட்டு எறங்கட்டும் பாக்கலாம்" என்று வண்டியிடமே சவாலும் விட்டார்.

பிறகு அவர் குந்தினார். குந்தினவர் எழுந்திருக்கவில்லை. சைடு மூடிகளைக் கழற்றி வரிசையாக அடுக்கி, செயினை டீசலில் ஊறவைத்துத் தேய்த்து, ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றையும் தனித்தனியாக விசாரித்து, எஞ்சினின் இடுக்குகளில் டூத் பிரஷை விட்டுக் குடைந்து, நம்பர் பிளேட்டுக்குப் பின்பக்கம் யாருமே பார்க்காத இடத்தில் இருந்த சேற்றைக் காதுக்குச்சியால் எடுத்து, எடுத்ததைப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். குரங்கு கிழித்த சீட்டுக்குப் புதிய உறை ஏறியது. தெருவில் சாக்கடை கறுப்பாக ஓடியது.

எதிர்வீட்டு அப்பாசாமி பேப்பரை மடித்துக்கொண்டு வந்து நின்றார். இந்த மாதிரி வேலை நடக்கிற இடத்தில் இப்படி ஒருவர் வந்து நிற்காமல் இருப்பாரா?

"என்னா தம்பி, வண்டிய பிரிச்சிப் போட்டுக்கினு இருக்கற?"

"மேலாக்க தொடைக்கறவன் நான் இல்லீங்க, பெரியவரே. உள்ளார போயி பாக்கணும். வண்டியும் உசுரு மாதிரிதான."

"இத்தினி நாளு அந்த உசுரு மரத்தடியில கெடந்துச்சே?"

வேடியப்பனுக்கு அது காதில் விழவில்லை. மெழுகு போட ஆரம்பித்திருந்தார். வட்ட வட்டமாகத் தேய்க்க வேண்டும், நீளவாக்கில் தேய்த்தால் கோடு விழும். தேய்த்துத் தேய்த்து டேங்கில் பாதாம் மரம் தெரிந்தது; மட்கார்டில் அப்பாசாமி தெரிந்தார். சைலன்சரை வெள்ளி மாதிரி ஆக்கி, அதில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒருமுறை ஒதுக்கிக்கொண்டார். அவ்வளவு நேரம் சைலன்சரில் முகம் பார்த்தவருக்கு, அதன் வாயைப் பார்க்கத் தோன்றவில்லை.

பொழுது சாயும்போது மணிமொழி காபியோடு வந்தாள். வண்டியைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது. புது வண்டி மாதிரிதான் இருந்தது.

"நல்லா இருக்குதுங்க. ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்."

வேடியப்பன் பதறிப்போனார்.

"என்னா பேசற? இப்ப ஸ்டார்ட் பண்ணா எஞ்சின் சூடாயிடும். பாலிஷ் செட் ஆவ வேணாமா?"

"இல்லீங்க, நாளைக்கு காலையில..."

"எல்லாம் எனக்குத் தெரியும், நீ போ."

இந்த 'எல்லாம் எனக்குத் தெரியும்' இருக்கிறதே, அது இந்த இனத்தின் முத்திரை வாசகம். சொல்லிவிட்டு வண்டிக்கு உறை போட்டார். உறைக்கு மேல் ஒரு பழைய போர்வை. போர்வைக்கு மேல் தார்ப்பாய். காற்றில் பறக்காமலிருக்கக் கயிறு. குரங்கு தொடாமலிருக்க மேலே முள் செடி ஒன்று. அதன் பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

திங்கள் காலை மணிமொழி டூத் பிரஷைத் தேடினாள், கிடைக்கவில்லை, விரலால் பல் தேய்த்துக்கொண்டாள். கோபப்பட நேரமில்லை. மாம்பழ நிறத்தில் புதுப் புடவை, கையில் டிபன் பாக்ஸ் பை, நெற்றியில் விபூதி. வாசலில் கிரிவலக்காரர்கள் அதற்குள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வேடியப்பன் முள்ளை எடுத்து, கயிற்றை அவிழ்த்து, தார்ப்பாயை மடித்து, போர்வையை உதறி, உறையை மெதுவாக உருவினார். நடந்து போனவர்களில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவருக்கு நெஞ்சு விம்மியது.

பட்டனை அழுத்தினார். கர்ர்ர். மறுபடி அழுத்தினார். கர்ர்ர்ர்.

"ராத்திரி பனி" என்றார்.

உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. உங்களுக்குக் காரணம் தெரியும், எனக்கும் தெரியும். அங்கே கூடிய கூட்டத்துக்குத் தெரியாது; தெரியாததால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"பேட்டரி வீக்காயிருக்கும்."

"பிளக்குல தண்ணி பூந்திருக்கும் சார், கழட்டிப் பாருங்க."

"பெட்ரோல் பழசு. அத கொட்டிட்டு புதுசு ஊத்துப்பா."

"இத்தினி நாளு தொடாம இருந்தப்ப நல்லா இருந்துச்சு" என்றார் அப்பாசாமி.

மணிமொழி ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். தூரத்தில் தடுப்புக் கட்டைகளை இழுக்கிற சத்தம் கேட்டது. எத்தனையோ வருடம் காத்திருந்து வந்த வேலை, இந்த வாசலிலேயே நின்றுபோய்விடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. வேடியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். உடனே குனிந்து மறுபடி உதைத்தார்.

அப்போதுதான் பால்கார இருசப்பன் வந்தார். அவருடைய மொபெட், வாங்கிய நாளிலிருந்து மழையில் மட்டுமே குளித்தது. ஒரு பக்கக் கண்ணாடி கிடையாது. சீட்டில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது. பால் கேன்கள் தொங்கி அதன் உடம்பெல்லாம் சொட்டை.

"அண்ணா, எந்தப் பக்கம் போறீங்க?" என்று மணிமொழி ஓடினாள்.

"பால ஊத்திட்டேன், சும்மாதாம்மா போறேன். எங்க போவணும்?"

"திண்டிவனம் ரோட்டுல பஸ் நிக்குமே, அங்க."

"ஏறும்மா. கட்ட போடறதுக்குள்ள தாண்டிடலாம்."

"புதுப் புடவையக் கட்டிக்கினு அதுலயா போற?" என்று வேடியப்பன் பரிதாபமாகக் கேட்டார்.

"இது ஓடுதுங்க" என்றாள் மணிமொழி. காலிக் கேன்கள் தடதடக்க மொபெட் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தது.

கூட்டமும் கலைந்தது. வேடியப்பன் தனியாக நின்றார். இந்த நிலைமையில் வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள். இவர், கூட்டத்தில் எவனோ சைலன்சரில் விரல் ரேகை பதித்துவிட்டான் என்று கண்டு, துணியோடு அதன் பக்கத்தில் குந்தினார். துடைத்துக்கொண்டே பின்னால் வந்தபோது, உள்ளே ரோஸ் நிறத்தில் ஏதோ தெரிந்தது.

இடுக்கியை விட்டு இழுத்தார். பாதித் துண்டும் வந்தது. உதைத்தார், ஒரே உதை. வண்டி கிளம்பிவிட்டது. எஞ்சின் அருமையாக ஓடிக்கொண்டிருக்க, அவர் கையில் துண்டோடு நின்றார். வெட்கமாக இருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவள் நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. சாயங்காலம் தானே போய்க் கூட்டிக்கொண்டு வந்து, மன்னிப்பும் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார். அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு, தடுப்பு இல்லாத சந்துகளில் புகுந்து, கீழ்பென்னாத்தூர் போய், பள்ளிக்கூடம் விடுவதற்கு வெகு நேரம் முன்பே வாசலில் நின்றார். நல்ல மனிதர்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

மணிமொழி வெளியே வந்தாள். பிள்ளைகள் பிடித்து இழுத்த சுருக்கம் புடவையில், முந்தானையில் சாக்பீஸ் தூள், முகம் முழுக்கச் சந்தோஷம். அவரைப் பார்த்ததும் காலையில் நடந்ததெல்லாம் மறந்தேபோயிற்று.

"மணியடிக்கறதுக்குள்ள போயிட்டேங்க! ரேணுகாம்பாள் டீச்சரே கூட்டிக்கினு போயி கிளாஸ்ல உட்டாங்க. ரெண்டாம் கிளாஸ் எனக்கு!"

வேடியப்பனுக்குக் கண் கலங்கியது. சொல்ல நினைத்திருந்த வார்த்தைகளெல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. அவள் பின்சீட்டில் கை வைத்தாள். அவர் கண் அவள் முந்தானைக்குப் போனது. அங்கிருந்து சீட்டின் புதிய உறைக்குப் போனது.

"சாக்பீஸ் தூள் இருக்குது பாரு. தட்டிட்டு உக்காரு."

மணிமொழி சீட்டிலிருந்து கையை எடுத்தாள். திருவண்ணாமலை பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வேடியப்பன் அந்த பஸ்ஸின் பின்னாலேயே, அது கிளப்பிய புழுதியையெல்லாம் டேங்கிலும் மட்கார்டிலும் மீசையிலும் வாங்கிக்கொண்டு ஊர் வரைக்கும் வந்தார். வண்டி இப்போது மறுபடியும் பாதாம் மரத்தடியில் நிற்கிறது. உறை போட்டுத்தான்.

சிரித்துவிட்டீர்கள். நீங்கள் வண்டி துடைக்கிற ஆளே இல்லை என்கிறீர்கள். சரி. வாங்கியபோது வந்த பாலிதீன் உறையோடு டிவி ரிமோட் உங்கள் வீட்டிலும் இருக்கலாம், விருந்தாளி வந்தால் மட்டும் வெளியே வரும் தட்டுகள் இருக்கலாம், அதையெல்லாம் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் ஒருவர் கடைசியாக உங்களிடம், "ஒரு தடவ பண்ணிப் பாருங்களேன்" என்று எதையோ சொன்னாரே, அதற்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?